மூச்சில் ஒரு துளி எண்ணெய்

அத்தியாயம் 3

ஜெபசெல்விக்கு மூக்கு அடைத்திருந்தது.

"போலீஸ் நாய்க்குச் சளி பிடிச்சா லீவு குடுப்பாவ அக்கா," என்றான் செல்லப்பாண்டி. "துப்பறியிற ஆளுக்கு அதுவும் கிடையாது."

"என்னை நாய்ங்குத."

"சேச்சே. நாய்க்கு மரியாதை கூடன்னு சொல்லுதேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தும்மல்தான் வந்தது. உதவியாளனைத் திட்டக்கூட முடியாத ஒரு நாள் இது என்று அவளுக்குப் புரிந்தது.

செம்பூர் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே அவர்கள் அலுவலகம். ஓர் அறை. ஒரு மேஜை. ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு வாளி. வந்திருந்த பெண் வாளிக்கும் மேஜைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஆனி. கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொடுக்கும் வேலை அந்தமானில் கிடைத்திருக்கிறது. இன்று மாலை விமானத்தில் சென்னை. அங்கிருந்து விடியற்காலையில் போர்ட் பிளேர். நாளை வேலையில் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆனி மடியிலிருந்த சிறிய பையைத் திறந்து ஒரு பொருளை மேஜையில் வைத்தாள். ஓர் உலோகக் குமிழ். அதிலிருந்து கிளம்பும் கறுப்பு ரப்பர் குழாய்கள். இரண்டு குழாய்களின் முனையில் வாயால் கவ்வும் ரப்பர்.

"ஆக்டோபஸுக்குப் பல்செட் கட்டின மாதிரி இருக்கு," என்றான் செல்லப்பாண்டி.

"அந்த ரெண்டாவது வாய்க்குப் பேரே ஆக்டோபஸ்தான்," என்றாள் ஆனி. அவள் சிரிக்கவில்லை. "மொத்தத்துக்கும் ரெகுலேட்டர்னு பேரு. சிலிண்டர்ல இருக்கிற காத்து இது வழியாத்தான் வாய்க்கு வரும். காலையில கடைசியா ஒரு தடவை செக் பண்ணேன். குமிழ்ல காத்து நுழையிற துவாரம் இருக்கில்ல, அதோட மூடியைத் திறந்தா விரல்ல எண்ணெய்."

"எண்ணெய் பட்டா என்ன? துருப்பிடிக்காதே," என்றாள் ஜெபசெல்வி.

"மேடம், கார் டயரைப்போல கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தம் சிலிண்டருக்குள்ள. அங்க ரொம்ப நேரம் கீழ இருக்கணும்னா ஆக்சிஜன் கூடக் கலந்த காத்து ரொப்புவாங்க. சிலிண்டரைத் திறந்ததும் அது இந்தத் துவாரத்துல வந்து மோதும். எண்ணெய் இருந்தா பத்திக்கலாம். மத்லப், அதாவது நான் வாயில கவ்விட்டிருக்கிற சாமான்ல."

செல்லப்பாண்டி வாளியைப் பார்த்தான்.

"யார் செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிற?" என்றாள் ஜெபசெல்வி.

"தௌசீப்." ஆனி அந்தப் பெயரை மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "என் டைவிங் ஜோடி. இந்த வேலைக்கு அவனும் அப்ளை பண்ணான். எனக்குக் கிடைச்சது. நான் போகலைன்னா அவனைத்தான் கூப்பிடுவாங்க. நேத்து சாயங்காலம் பெட்டியை எடை பார்க்க வந்தான். நான் குளிச்சிட்டிருந்தேன். அம்மா பால் வாங்கப் போயிருந்தா. ஹால்ல அவன் மட்டும்தான்."

"உங்க அம்மா?"

"அம்மா இதைத் தொடவே மாட்டா. பார்த்தாலே பயம்."

ஜெபசெல்வி தலையாட்டினாள். பின்னால் அன்று முழுவதும் இந்தத் தலையாட்டலுக்காகத் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

"பெரிய பெட்டி?"

"அதை யாரும் தொடலை. நம்பர் பூட்டு. ஃபின், அதான் கால்ல மாட்டுற துடுப்பு, ரெண்டும் ரெண்டு பக்கச் சுவர் மாதிரி. நடுவுல ஜாக்கெட், மேல ரப்பர் சூட். கத்தியும் டார்ச்சும் அதுலதான், டார்ச் பேட்டரி மட்டும் என் கையில. ரெகுலேட்டர், மாஸ்க், கம்ப்யூட்டர் மூணையும் பெட்டியில போடமாட்டேன். ஏர்போர்ட்ல பெட்டியைத் தூக்கி எறியிறதைப் பார்த்திருக்கேன். என் உயிரை நான் கையிலதான் எடுத்துட்டுப் போவேன்."

கம்ப்யூட்டர் என்று அவள் சொன்னது பெரிய கைக்கடிகாரம் போல இருந்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று காட்டுமாம். அதன் கண்ணாடியிலும் பிசுக்கு. மாஸ்க் கண்ணாடியில் இருந்ததை எரிச்சலில் துடைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"வேற ரெகுலேட்டர் கடன் வாங்கிக்கலாமே. துப்பறியிறவங்க எதுக்கு?"

ஆனி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்த சீசன்ல தௌசீப்பும் அங்க வருவான் மேடம். தண்ணிக்குள்ள எனக்குக் காத்து தீர்ந்தா, அவன் ஆக்டோபஸைத்தான் வாங்கி நான் கவ்வணும். அவன்கிட்ட வாங்கலாமா கூடாதான்னு கிளம்புறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

ஜெபசெல்வி ரெகுலேட்டரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தாள். காதுதான் அடைத்தது.

"ஏல, நீ பாரு."

செல்லப்பாண்டி கண்ணை மூடி முகர்ந்தான். "தேங்காயெண்ணெய் இல்ல. நல்லெண்ணெய் இல்ல. மெஷின் ஆயிலும் இல்ல. பீட்சாக் கடை வாசல்ல ஒரு வாசம் அடிக்கும்லா? அது."

"உனக்குப் பசி. வா."

ஆனியை வீட்டில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சிறிய பையை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

தௌசீப் இருக்கும் தாராவி தூரமில்லை. ஆனால் போவதற்கு வழியும் இல்லை. ஆட்டோ சயான் வரைதான் வரும். அதற்கு மேல் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. ரயில் பாதைக்கு மேலிருந்த பாலத்தையும் இடித்துப் போட்டிருந்தார்கள். மழையில் இறங்கி, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கூட்டத்தோடு நசுங்கி, மறுபக்கம் இறங்கியபோது ஜெபசெல்வியின் குடைக் கம்பி ஒன்று மடங்கியிருந்தது. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"குழந்தை மாதிரி வச்சிருக்கீய," என்றான் செல்லப்பாண்டி. "ஒருத்தரும் சீட்டுதான் குடுக்க மாட்டேங்காவ."

நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இரும்பு ஏணி ஏறினால் கரீம் பாட்சாவின் பை தைக்கும் பட்டறை. அவர் மகன்தான் தௌசீப். கடலில் வேலை இல்லாத மாதங்களில் இங்கே தையல் மெஷினில் உட்காருவான். இவர்கள் போனபோது ஒரு தோள்பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். ஜெபசெல்வியின் கையிலிருந்த பையைப் பார்த்ததும் மெஷின் நின்றது.

"அது ஆனி பையி. நான் தச்சது. ஒங்ககிட்ட எப்படி?"

"இதுல இருக்கிற ரெகுலேட்டர்ல யாரோ எண்ணெய் ஊத்தியிருக்காங்க."

தௌசீப் எழுந்துவிட்டான். "சிலிண்டர்ல மாட்டிட்டாளா?"

"இல்லை."

"வாயில வச்சு மூச்சு இழுத்தாளா?"

"இல்லை. மூடியைக் கழட்டினதும் தெரிஞ்சிருச்சு."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தைக் கையால் துடைத்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மற்றது உறைத்தது.

"அவ அனுப்பினாளா ஒங்களை? நான் செஞ்சேன்னு?"

ஜெபசெல்வி பையைத் திறந்து ரெகுலேட்டரை வெளியே எடுத்தாள்.

"அரே, நேத்ராணித் தீவுக் கடல்ல அவளுக்கு மூச்சு முட்டினப்போ என் வாயில இருந்ததை எடுத்துல்லா குடுத்தேன். சரி. அவளுக்கு வேலை கிடைச்சதுல எனக்கு எரிச்சல்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல. அதுக்காக எண்ணெயா ஊத்துவேன்?"

"ஊத்தியிருந்தா?" என்றான் செல்லப்பாண்டி.

"அண்ணே, எண்ணெய் நாறும், வழுக்கும், முதல் செக்லயே தெரியும். எண்ணெய் ஊத்தினவன் இதைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவனா இருக்கணும். இல்ல, ஒண்ணுமே தெரியாதவனா இருக்கணும். நான் எல்லாம் தெரிஞ்சவன்தான். அதான் ஒங்களுக்கு வசதியாப் போச்சு."

நியாயமான பேச்சு. அதுவே ஜெபசெல்விக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளிகளும் நியாயமாகத்தான் பேசுவார்கள். அவள் ஆனிக்கு போன் செய்தாள்.

"ஆனி, அந்த மூடியைக் காலையில எப்படித் திறந்த?"

"கையால திறக்க வரலை மேடம். துணி வச்சுத் திருகினேன். ஏதோ ஊறுகாய் பாட்டில் மாதிரி இருந்துச்சு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தௌசீப் குமிழைக் கையில் வாங்கி, மூடியைக் காட்டினான். "இது சும்மா தூசி போகாம இருக்கிறதுக்கு. தொட்டு நின்னாப் போதும். டைவ் பண்றவன் எவனும் இதை முறுக்க மாட்டான். முதல் வகுப்புலயே அடி விழும்."

"அவ குளிக்கிற நேரத்துல அவசரமா இறுக்கியிருக்கலாமே," என்றாள் ஜெபசெல்வி. சொல்லும்போதே அதில் பலமில்லை என்று தெரிந்தது. அவசரத்தில் இருப்பவன் இறுக்க மாட்டான். சிந்திவிடக் கூடாது என்று அக்கறை உள்ளவன்தான் இறுக்குவான். விஷத்தின் மேல் யாருக்கு அக்கறை?

அவள் தும்மினாள். பை சாய்ந்து கம்ப்யூட்டர் உருண்டது. செல்லப்பாண்டி பாய்ந்து பிடித்தான்.

"தண்ணிக்குள்ள போற சாமான் தரையில விழுந்தா உடையுமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே அதை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தான். "உடையல. ஆனா எவனோ குறி போட்டிருக்கான்."

"என்ன குறி?"

"இந்தப் பிசுக்குதான். நேராப் பார்த்தா அழுக்கு மாதிரி இருக்கு. சாச்சுப் பார்த்தா பிளஸ். பேட்டரியை இந்தப் பக்கம் போடணும்னு அடையாளம் வச்சிருப்பானோ?"

ஜெபசெல்வி அதை வாங்கி ஒளியில் சாய்த்தாள். விரலால் இழுத்த இரண்டு கோடுகள். மேலிருந்து கீழாக ஒன்று. குறுக்கே ஒன்று. நெடுக்குக் கோட்டின் கீழ்ப்பாதி கொஞ்சம் நீளம்.

பிளஸ் குறிக்கு நான்கு பக்கமும் ஒரே அளவாக இருக்கும்.

"செல்லப்பாண்டி. பீட்சாவுல என்ன எண்ணெய் ஊத்துவாங்க?"

"ஆலிவ் எண்ணெய். ஏன், இப்பமாவது வாங்கித் தருவியளா?"

அவள் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஏணியில் இறங்கத் தொடங்கிவிட்டாள். மேலிருந்து தௌசீப் கூப்பிட்டான். "அப்போ நான்தானா இல்லையா? அதையாவது சொல்லிட்டுப் போங்க!"

"நீ இல்லை," என்றாள் பாதி ஏணியில் நின்று. "ஆனா அதை நான் சொல்லி அவ நம்பிப் பிரயோஜனம் இல்லை."

சயானுக்குத் திரும்பி வந்தும் ஆட்டோ கிடைக்கவில்லை. ஒருவன் தேவ்நார் என்றதும் தலையைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் மூக்கைத் துடைக்கும் ஜெபசெல்வியைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். மூன்றாவது ஆட்டோ ஏற்றிக்கொண்டு வந்து பிரியதர்ஷினி சிக்னலில் நின்றது, நின்றபடியே இருந்தது.

"ஆளு யாருன்னு சொல்லப்படாதா அக்கா?"

"எனக்கு மூக்கு இருந்திருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும். உனக்கு மூக்கு இருக்கு, வீட்டுல பைபிள் இல்லை. எனக்கு பைபிள் இருக்கு, மூக்கு இல்லை. பரீட்சைக்குப் போற ஒவ்வொரு தடவையும் என் நெத்தியில பூசின எண்ணெய்லா இது! பேரு வேற ஜெபசெல்வி. தூ."

செல்லப்பாண்டிக்குப் புரியவில்லை. ஆனால் அவள் தன்னைத்தானே திட்டும்போது நடுவில் புகக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனியின் வீடு தேவ்நார் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. பூட்டிய பெரிய பெட்டி நடுக்கூடத்தில் நின்றது. ஆனி அதன்மேல் உட்கார்ந்து போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ரோசம்மா தரையில் அமர்ந்து முறுக்கை இரண்டு பாலிதீன் பைகளில் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய பெட்டியில் ஏற்கெனவே இடமில்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை போலிருந்தது.

ஜெபசெல்வி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "அக்கா, உங்க ஜெப எண்ணெய் எங்க?"

ஆனி நிமிர்ந்தாள்.

ரோசம்மா தயங்கவே இல்லை. பைபிளுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படித் தும்முதீய. இங்கன உட்காருங்கம்மா, பூசி ஜெபிக்கேன். சுகமாயிரும்."

"எனக்கு வேண்டாம். நேத்து எதுக்கெல்லாம் பூசினீங்க?"

"பிள்ளைக்க சாமானுக்குத்தான்." அவள் முகத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை. "ராத்திரி இவ கூட்டாளிமார்ட்ட சொல்லிட்டு வாரேன்னு போயிட்டா. ஜெபக் கூட்டத்துப் பொம்பளைங்க வந்தாவ. பெரிய பெட்டி பூட்டிக் கிடந்துச்சு. அதனால சின்னப் பையைத் திறந்து கண்ணாடிக்கு, கடிகாரத்துக்கு எல்லாம் சிலுவை போட்டோம். பிள்ளைக்கு மூச்சு எதுல வரும்னு கேட்டாவ. நான் காட்டினேன்."

"அம்மா," என்றாள் ஆனி.

"நீதானட்டி சொன்ன, 'இதுதான்மா என் உயிரு'ன்னு? அதைத் தொடவே எனக்குப் பயம். ஆனாலும் மூடியைத் திறந்து உள்ள ஒரு துளி கூட விட்டேன். சிந்திரக்கூடாதேன்னு நல்லா இறுக்கினேன்."

ஆனி பெட்டியிலிருந்து எழுந்தாள். "அம்மா, நான் செத்திருப்பேன்! அந்தத் துளி போதும். தெரியுமா உனக்கு? நீ என்னைக் கொன்னிருப்ப!"

ரோசம்மா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல முந்தானையில் மறைத்தாள். பிறகு மறுபடியும் வெளியே எடுத்தாள்.

செல்லப்பாண்டி மெதுவாகக் கேட்டான். "கொல்லணும்னு நினைக்கவன் தேடுற இடம்லாக்கா அது?"

"காப்பாத்தணும்னு நினைக்கிறவளும் அதே இடத்தைத்தான் தேடுவா," என்றாள் ஜெபசெல்வி. "காலையில நான் ஒருத்தியைத்தான் தேடாம விட்டேன்."

வழக்கு முடிந்துவிட்டது. எதுவும் முடிந்தது போல் இல்லை. எண்ணெய் பட்ட ரெகுலேட்டரைப் பிரித்து, பகுதி பகுதியாகக் கழுவாமல் இனித் தொட முடியாது. அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும். விமானம் காத்திருக்காது. ஆனி சுவரில் சாய்ந்து நின்றாள். போனில் யாருடைய பெயரையோ தேடினாள். கண்டுபிடித்தாள். அழுத்தவில்லை.

படியில் காலடிச் சத்தம். தௌசீப் வாசலில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி ஆனியின் பக்கம் நீட்டினான்.

"என்னோடது. போன மாசம் சர்வீஸ் பண்ணினது. எண்ணெய் இல்ல. சந்தேகம்னா இந்த அண்ணன்ட்ட மோந்து பார்க்கச் சொல்லு. நல்ல மூக்கு அவருக்கு."

ஆனி பையைத் திறந்தாள். ரெகுலேட்டரை எடுத்தாள். மூடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. விரலால் துடைக்கவில்லை. வாய் ரப்பரைக் கவ்வி மூச்சை இழுத்தாள்.

"ஐயோ, காத்து வரலையே!" என்றாள் ரோசம்மா.

"வரக்கூடாது ஆன்ட்டி," என்றான் தௌசீப், வாசலிலிருந்தபடி. "மூடியிருக்கும்போது வந்தா ஓட்டைன்னு அர்த்தம்."

ஆனி ரப்பரை வாயிலிருந்து எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "ஸாரி, தௌசீப்."

"தண்ணிக்குள்ள வந்து சொல்லு. அங்க பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தௌசீப் தன் கொக்கித் தராசை எடுத்தான். கைப்பை கனமாக இருந்தது. முறுக்குப் பை ஒன்று வெளியே வந்தது. மறுபடியும் தூக்கினான். இன்னொன்றும் வெளியே வந்தது. செல்லப்பாண்டி இரண்டையும் பத்திரமாக வாங்கிக்கொண்டான்.

"இது சாட்சியம் அக்கா. ஆபீஸ்ல வச்சிருக்கணும்."

கம்ப்யூட்டரைத் துடைக்க ஆனி துணியை எடுத்தாள். சாய்த்துப் பார்த்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பைக்குள் போட்டாள். கண்ணாடியில் இருப்பதால் ஆபத்தில்லை.

தௌசீப் பெரிய பெட்டியோடு, கீழே நிறுத்தியிருந்த பட்டறை வேனுக்கு இறங்கத் தொடங்கினான். ரோசம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பாட்டில் இன்னும் கையில்தான் இருந்தது. கிட்டே வரவில்லை. எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

ஆனி வாசல்வரை போனாள். திரும்பினாள். பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"சாமானுக்கு வேண்டாம்மா. எனக்குப் போடு."

ரோசம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

கட்டைவிரல் நெற்றியில் பட்டபோது ஆனி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் நீளமாக இருந்தது. கீழே தௌசீப் இரண்டு முறை ஹாரன் அடித்தான். செல்லப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெபசெல்வி அவன் காலை மிதித்தாள்.

ஆனி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சத்தம் தேய்ந்து நின்றது. ரோசம்மா ஜன்னலுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பாட்டிலுக்கு மூடியைப் போட்டாள். திருகினாள். இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.

அதை இனித் துணி வைத்துத்தான் திறக்க வேண்டும்.